எட்டுக் கண்ணாடி வளையல்கள்

11 மார்ச் 1958, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து காஜா பேராங் வீட்டுக்குத் திரும்பி, குளித்துச் சாப்பிட்ட பிறகும் என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் அடங்கவில்லை.

காலையில் புக்கிட் ரம்பாயிலிருந்து ஒரு பெண்ணை அவள் கணவன் கூட்டி வந்தான். இடது முன்கை முறிந்து வீங்கியிருந்தது. மாவுக்கட்டுப் போடுமுன் அந்தக் கையிலிருந்த எட்டுக் கண்ணாடி வளையல்களையும் கழற்ற வேண்டும். வீக்கத்தில் கழலவில்லை. வழக்கம்போலத் துணியைச் சுற்றி உடைக்கப் போனேன்.

"அவரு உசுரோட இருக்கறப்ப ஒடைக்கலாமா மிஸ்ஸி?" என்று அழுதாள். நான் காதில் வாங்காமல் எட்டையும் உடைத்தேன். அப்புறம்தான் பதிவேட்டை எடுத்து, எப்படி ஆயிற்று என்று கேட்டேன்.

"கெணத்தடியில வழுக்கி, அந்தக் கையிலயே விழுந்துட்டா மிஸ்ஸி," என்றான் அவன்.

அந்தக் கையிலேயே விழுந்தவளுக்கு ஒரு வளையல்கூடவா உடையாது? அடியைத் தடுக்கத் தூக்கிய கை அது; தூக்கியதும் வளையல்கள் முழங்கைப் பக்கம் சரிந்துவிட, அடி வெறுங்கையில் விழுந்திருக்கிறது. அவனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, அவன் அடித்ததுதானே, போலீஸில் சொல்லட்டுமா என்று அவளைக் கேட்டேன்.

"வேணாம் மிஸ்ஸி. நான் அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போவணும்?"

வார்டு சிஸ்டரிடம் ஓடி, போலீஸுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். அத்தாட்சி கேட்டார். குப்பைத் தொட்டியிலிருந்து வளையல் துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"எல்லாம் ஒடஞ்சுதானே கெடக்கு? அவன் சொன்னதையே எழுதிடு."

எழுதினேன். வழுக்கி விழுந்தாள் என்று என் கையாலேயே எழுதினேன். நாளைக் காலை அவனோடு போகிறாள்.

முறிந்த கைக்கு அழாதவள் வளையலுக்கு அழுதாள். அப்போதே நான் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.