இரண்டு சில்லுத் தேர்

பெப்ரவரி 21, 2009
இன்றும் மூத்த மகன் உதயரூபனிடமிருந்து சேதி இல்லை. சுனாமிக்குப் பிறகு வீடு கட்டுகிற மேசன் வேலைக்கென்று வன்னிக்குப் போனவன், சண்டையில் பாதை பூட்டியதும் அங்கேயே அகப்பட்டுவிட்டான். ரேடியோவைப் போட்டால் மனைவி அன்னப்பூரணி அழுகிறாள். நிற்பாட்டினால் ஏசுகிறாள்.

சின்னவள் விதுர்ஷாவின் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளை இல்லம் என்று அணி அணியாகப் பிரித்து விளையாட்டுப் போட்டி. அவளுடைய இல்லத்துக் கொட்டிலுக்கு முன்னால் பழங்காலத்துக் குதிரைத் தேர் ஒன்று நிற்க வேண்டுமாம். “அப்பா செய்வார்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எட்டாம் வகுப்போடு சரித்திரத்தைக் கைவிட்டவன் நான். அதுதான் என்னை விடுவதாக இல்லை.

பெப்ரவரி 25
கமுகஞ் சலாகை, பழைய சாரி, பலகையில் சக்கரமாக வெட்டிய நான்கு சில்லு, உச்சியில் கலசம். இழுப்பதற்கு வடமும் கட்டினேன். எனக்கே கும்பிட வேண்டும்போல் இருந்தது.

சரித்திர ஆசிரியர் நல்லரத்தினம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“அண்ணே, குதிரைய எங்க பூட்டுற?”

குதிரையை மறந்தே போனேன்.

“இதக் கொண்டு சண்டைக்குப் போனா, எதிரி தேங்கா உடைச்சிப்போட்டுப் போவான்.”

பிறகு விளக்கிச் சொன்னார். அந்தக் காலத்துத் தேருக்கு இரண்டே சில்லு. பாரமே இல்லை. வேட்டைக்கும் பந்தயத்துக்கும் ராசாவின் ஊர்வலத்துக்கும் போகும், எல்லாவற்றையும்விடச் சண்டைக்குப் போகும். முன்னால் நிற்பவன் கையில் கடிவாளம், பின்னால் நிற்பவன் கையில் வில்.

“பின்னால நிக்கிறவன் விழுந்தா ஓட்டுறவனுக்கு எப்படித் தெரியும், சேர்?”

“தெரியாது அண்ணே. அவன் முன்னுக்குத்தானே பாக்கணும்.”

ஏன்தான் கேட்டேனோ. வீடு வரும்வரை அதே நினைப்பு.

மார்ச் 1
கூலிக்குச் சாமான் ஏற்றும் என் லான்ட்மாஸ்டர் உழவு மெசினின் பின்பெட்டியில் இருந்த இரண்டு சில்லையும் கழற்றித் தேருக்குப் பூட்டினேன். போட்டி முடியும்வரை உழைப்பு இல்லை. பழங்காலத்தில் டயர் கிடையாது என்று ஆசிரியர் சொன்னதால் வைக்கோலைச் சுற்றி மறைத்தோம். மட்டையில் வெட்டிய குதிரைக்குக் கழுதை முகம். என் சாயல் என்கிறாள் மகள்.

மார்ச் 7
மூன்றாம் இடம். இருப்பதே மூன்று இல்லம்.

மே 19
சண்டை முடிந்ததாம். சந்தியில் வெடி கொளுத்தினார்கள். அன்னப்பூரணி காதைப் பொத்திக்கொண்டு குசினி அடுப்படியில் குந்தியிருந்தாள். முடிஞ்சிதெண்டா — எங்கட புள்ள எங்க? நான் ஆரிட்டக் கேக்கிற?

ஜூலை 12
சில்லுகளைத் திருப்பிக் கழற்றியபின் வீட்டு வளவில் கிடக்கும் தேர்க் கூட்டில் கோழி முட்டையிடுகிறது. பழங்காலத் தேரின் பயன்களில் இதையும் எழுது என்றேன். விதுர்ஷா சிரிக்கவில்லை. “உங்களுக்கு எப்பவும் பகிடிதான், அப்பா.”

பகிடி இல்லாட்டி நான் விடிய என்னெண்டு எழும்புற?

ஆகஸ்ட் 30
வவுனியா முகாமில் இருக்கிறானாம். காலில் காயமாம். இருக்கிறான்.

நவம்பர் 29
பெரியகல்லாற்றுச் சந்தியில் பஸ் நின்றது. முதலில் ஊன்றுகோல் இறங்கியது, பிறகு அவன்.

“என்னப்பா, இப்படி மெலிஞ்சி போனீங்க?” என்று என்னைக் கேட்கிறான்.

வலது கால் மடங்காது. லான்ட்மாஸ்டர் பெட்டிக்குள் அவனால் உட்கார முடியவில்லை. எனக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் என் தோளில் ஊன்றினான்.

“போங்கப்பா.”

வாவிக்கரை ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் தோள் நொந்தது. வீடு வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.