சைலன்சரில் கட்டிய சிவப்பு ரிப்பன்

கள்ளிக்குப்பம்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் தீபிகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், நீ அனுப்பிய புல் வெட்டும் மெஷின் எங்கள் இருவரையும்விட நலம். காரின் நலத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், குட்டிக்குச் சளி விட்டதா. தினமும் வீடியோவில் முகத்தைப் பார்த்துக்கொண்டு இது என்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அப்பா எப்போதும் அதன் பக்கத்தில்தான் இருப்பார், வாட்ஸ்அப்பில் எழுதினால் அதையும் அவர்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் படித்து எனக்கு விளக்கம் சொல்லுவார். அவர் காதுக்குப் போகாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேறு வழியில்லை. எதிர்வீட்டு மஹ்பூபாவின் மகள் ஹிபா படிப்புக்காக நாளைக்கு உங்கள் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறாள், அவளிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் விமான நிலையத்தில் அப்பளத்தையும் வடகத்தையும் குடைந்து குடைந்து பார்ப்பார்களாமே, கடிதத்தையாவது நம்பி உள்ளே விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் மெஷினுக்கு நன்றி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் வருத்தப்படுவாய். நியூசிலாந்தில் சனிக்கிழமையானால் எல்லாரும் புல் வெட்டுகிறார்கள், அப்பாவுக்கும் பொழுது போகட்டும் என்று நல்ல மனதோடுதான் அனுப்பினாய். நம்மிடம் இருப்பது ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு மல்லிகைக் கொடி, துணி காயப்போடும் இடம், அவ்வளவுதான். ஆனால் உன் அப்பா ஆவடி ஃபாக்டரியில் முப்பத்துமூன்று வருஷம் டாங்கி எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவர். கையில் எஞ்சின் வந்த பிறகு, வெட்டுவதற்குப் புல் இல்லை என்று சும்மா இருப்பாரா. மழை விட்டதும் பக்கத்துக் காலி மனையில் இடுப்பளவு புல் நின்றது, அந்த மனைக்குச் சொந்தக்காரர் யார் என்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, அப்பா தன்னைத்தானே நியமித்துக்கொண்டார். மெஷினோடு வந்த புத்தகத்தை இரண்டு நாள் படித்தார், அடிக்கோடு போட்டார், அதில் ஒரு தப்பும் கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் ஹெல்மெட், கண்ணாடி, ஃபாக்டரி பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு இறங்கினார். முதல் கால்மணி நேரத்தில் தெருவின் இன்டர்நெட் ஒயரை வெட்டினார். மஹ்பூபா வாசலுக்கு வந்து, அண்ணே, புல்லு எங்கே கீது, ஒயரு எங்கே கீது, பாத்து வெட்டக் கூடாதா, பொண்ணு பரிட்சை எழுதிகினு இருந்துச்சே என்று சத்தம் போட்டாள். ஒயர் புல்லுக்குள் படுத்திருந்தது யார் குற்றம் என்று அப்பா கேட்டார். ஒரு வாரம் கழித்து மெஷினின் பிளேடு ஒரு கருங்கல் ஜல்லியைத் தூக்கி அடித்தது. அது மதில் தாண்டி வந்து, பதினோரு வருஷமாக ஒரு கீறல் விழாமல் அவர் காப்பாற்றிய நம் காரின் பின்பக்கக் கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி கல்கண்டு மாதிரி கொட்டிவிட்டது. அப்பா மெஷினை அணைத்துவிட்டு வந்து பார்த்தார், பிறகு என்னிடம், நல்லவேளை யாரும் உள்ளே இல்லை என்றார். நிறுத்தி வைத்த காருக்குள் யார் இருக்கப் போகிறார்கள் சொல்லு.

இதுவரை உனக்குத் தெரிந்த கதைதான். அந்த வாரம்தான் நீ, போதும்ப்பா, அறுபத்தெட்டு வயசுல கார் எதுக்கு, டாக்ஸி கூப்பிட்டா வாசலுக்கு வருது, வித்துடலாம் என்றாய், அங்கிருந்தபடியே விளம்பரமும் போட்டுவிட்டாய். அப்பா சரி என்றார். அவர் எதற்கும் மறுபேச்சில்லாமல் சரி சொன்னால் அது சரியில்லை என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுக் கண்ணாடி வர பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் கார் சும்மாதானே நிற்கப் போகிறது என்று நீயும் நானும் ஒரு துணியைப் போட்டு மூடியிருப்போம். உன் அப்பா, ஃபாக்டரியில் டாங்கியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதற்கு முன்னால் என்னென்ன செய்வார்களோ அத்தனையும் அந்தச் சின்னக் காருக்குச் செய்தார். நான்கு சக்கரத்தையும் தூக்கிக் கட்டை கொடுத்தார், பேட்டரியைக் கழற்றினார், காற்று இழுக்கும் குழாயை அடைத்தார், சைலன்சர் வாய்க்குள் எலி போகாமல் இருக்க ஒரு மரக்கட்டையைச் செதுக்கி எண்ணெய்த் துணி சுற்றி உள்ளே தட்டி இறக்கினார். எங்கே எதை அடைத்தாலும் கழற்றினாலும் அங்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வெளியே தொங்கவிட வேண்டும், வண்டியை எழுப்பும்போது ரிப்பன் இருக்கும் இடமெல்லாம் போய்ச் சரிசெய்து ரிப்பனைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் அவர்கள் செக்‌ஷன் வழக்கமாம். நம் காருக்கு நான்கு ரிப்பன். மூன்று உள்ளே, பானட்டுக்கு அடியிலும் ஸ்டியரிங்கிலும். நான்காவது மட்டும் சைலன்சரிலிருந்து வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் உனக்குத் தெரியாதது. கண்ணாடி மாட்டியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க ஆள் வருகிறார் என்று நீ சொன்னாய். சனிக்கிழமை அப்பா குளிக்கப் போயிருந்தபோது நான் காரைத் துடைத்தேன். விற்கப் போகிற பொருள் கொஞ்சம் லட்சணமாக இருக்கட்டுமே என்றுதான். அந்த வால் என் கண்ணை உறுத்தியது. கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, நல்ல துணியாக இருக்கிறதே என்று மல்லிகைக் கொடியைக் கொம்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன். அப்பா வந்து மற்ற வேலையெல்லாம் முடித்து மூன்று ரிப்பனையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூணா, நாலா என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். நான் காபியை நீட்டினேன். அவரும் குடித்துவிட்டு மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் திருவேங்கடம், காட்டுப்பாக்கத்தில் பந்தல் போடும் காண்டிராக்டர், நல்ல மனுஷர்தான். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தட்டினார், முகர்ந்துகூடப் பார்த்தார். அப்பா சாவியைத் திருப்பினார். கார் ஒரு தும்மல் போட்டு அணைந்தது. மறுபடி திருப்பினார், மறுபடி தும்மல். முப்பத்துமூன்று வருஷம் டாங்கியை உறும வைத்தவர் ஒரு பந்தல்காரர் முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். திருவேங்கடம் பொறுமையாக அரைமணி நேரம் இருந்துவிட்டு, வண்டி பாக்க சோக்கா கீது சார், ஆனா ஸ்டார்ட் ஆவாத வண்டிய ஊட்டுக்கு எட்த்துகினு போயி இன்னா பண்றது, பொங்கலுக்கு மாலை போட்டு வெக்கறதா என்று கேட்டார். ரெடி பண்ணிட்டுச் சொல்லுங்க, வரேன் என்று போய்விட்டார். மறுநாள் மெக்கானிக் தசரதன் வந்தார், பெட்ரோல் பம்ப் என்றார், பிளக் என்றார், எலி ஒயரைக் கடித்திருக்கும் என்றார், மத்தியானம் வரைக்கும் காரின் குடலை எல்லாம் வெளியே எடுத்து மஹ்பூபா வீட்டுப் பூனை வேடிக்கை பார்க்கும்படி பரப்பி வைத்தார். கடைசியில் அடியில் படுத்துப் பார்த்தவர், இன்னா சார் இது, சைலன்சர் வாய்ல கட்டய அட்ச்சி வெச்சிகீறீங்க, வண்டி எப்டி மூச்சு வுடும் என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நாந்தான் வெச்சேன், எடுக்க மறந்துட்டேன் என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ பேசினாய். நான்தான் கட்டைக் கதையைச் சொன்னேன், அதுவும் ரிப்பனை விட்டுவிட்டுச் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மா, அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சோ, அவங்க அண்ணனுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது, ஒரு டாக்டர்கிட்ட காட்டிடேன் என்றாய். நீ குரலைத்தான் தாழ்த்தினாய், ஸ்பீக்கர் தாழவில்லை. அப்பா பக்கத்து நாற்காலியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கி முடித்துக் கத்தியைக் கழுவி அதன் இடத்தில் வைத்துவிட்டு, கார் சாவியைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். நீயே அந்தப் பந்தல்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிடு, வந்து எடுத்துக்கட்டும், நான் இனிமே வண்டி ஓட்டுறது சரியில்ல என்று என்னிடம் சொன்னார்.

நீ இப்போது என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிஷமே சொல்ல வேண்டியதுதானே. சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முப்பத்தாறு வருஷமாக, வைத்தது வைத்த இடத்தில் இருக்க விடமாட்டார் என்று ஊருக்கெல்லாம் அவரைக் குறை சொல்லி வைத்திருக்கிறேன், கத்தரிக்கோலோடு போய் அதையே நான் செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு நாள் போய்விட்டது. அந்த இரண்டு நாளில் அவர் கேஸ் அணைத்தோமா என்று நாலு தரம் போய்ப் பார்த்தார். கடைக்குப் போகும்போது பால், தயிர், தீப்பெட்டி என்று மூன்றே பொருளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போனார். உன் பெரியப்பா கடைசியில் தன் பிள்ளைகளையே யார் என்று கேட்டதை நாம் எல்லாரும் பார்த்தோம், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அப்பா.

நேற்றுக் காலையில் அவரைக் காணவில்லை. பார்த்தால் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், எஞ்சின் ஓடவில்லை, வாய் மட்டும் அசைகிறது. தசரதனைத் திட்டுகிறாரோ என்று நினைத்துக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே, எல்லாம் வருது நாகு என்றார். என்ன வருகிறது என்று கேட்டேன். உன் பிறந்த தேதி, நேரம், நீ பத்தாவது எழுதிய பரீட்சை நம்பர், குவார்ட்டர்ஸில் நாம் மாறி மாறி இருந்த மூன்று வீட்டு நம்பர், அவருடைய டோக்கன் நம்பர், நம் கல்யாணத்துக்கு வந்து சண்டை போட்டுக்கொண்டு போனவர்கள் பெயர் வரைக்கும் தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறாராம். எல்லாம் வருது, அந்தக் கட்டையை மட்டும் எப்படி விட்டேன்னு தெரியல என்றார். தீபி, எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கிப் போய் மல்லிகைக் கொடியிலிருந்து ரிப்பனை அவிழ்த்துக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தேன். காபி நீட்டியது வரைக்கும் எதையும் மறைக்காமல் சொன்னேன்.

கட்டிப்பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதே, திட்டினார். ஒரு ரிப்பனை அதற்குரிய ஆள் தவிர வேறு யார் தொட்டாலும் ஃபாக்டரியில் என்ன நடக்கும் தெரியுமா என்று ஆரம்பித்து, நான் தொலைத்த மூக்குத்தித் திருகு, எடுத்த இடத்தில் வைக்காத ஸ்க்ரூ டிரைவர் என்று கல்யாணமான நாளிலிருந்து வரிசையாக ஒன்று விடாமல் திட்டினார், தேதியோடு. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் திட்டுவதை நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சாவியை எடுத்துவந்து வண்டியை எடுத்தார். முப்பதுக்கு மேல் போகாமல், எல்லா ஆட்டோக்காரரிடமும் வசவு வாங்கிக்கொண்டு பூந்தமல்லி வரைக்கும் போய் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டு வந்தோம். திருவேங்கடத்துக்கு நானே போன் செய்து வண்டி கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன். நீயும் அந்த விளம்பரத்தை எடுத்துவிடு, இன்னும் நாலு பேர் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். நீ பயந்ததிலும் தப்பில்லை, உன் திருப்திக்கு அடுத்த வாரம் டாக்டரிடமும் போகிறோம், இருட்டின பிறகு வண்டி ஓட்ட மாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். புல் மெஷினை மட்டும் தயவுசெய்து மாடிப்படிக்கு அடியில் வைக்கச் சொல்லி உன் வாயால் சொல்லு, நான் சொன்னால் அது பொறாமை என்கிறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையிடம் நாங்கள் கேட்டதாகச் சொல், குட்டிக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க அந்தத் திருமுல்லைவாயிலான் துணையிருப்பான். கடைசியாக ஒன்று, இதை மட்டும் எனக்காகச் செய். காருக்குள் உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது உனக்குத் தெரியும் என்று அவரிடம் காட்டிக்கொள்ளாதே. அடுத்த தடவை பேசும்போது, நீ பிறந்த அன்றைக்குக் கொட்டுகிற மழையில் பால் வண்டியை நிறுத்தி என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போன கதையைக் கேள். நூறு தடவை கேட்ட கதைதான். எனக்கு மறந்தேபோச்சுப்பா, நீங்கதான் சொல்லணும் என்று கேள், அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
நாகவல்லி அய்யாசாமி