பிள்ளையோடு வருபவர்களுக்கு மட்டும்

திக்லிபூர்
2 மே 2025

அன்புத் தங்கை உமாவுக்கு,

அண்ணன் ஸ்ரீதர் எழுதுகிறேன். நான் சுகம். ரோடு கான்ட்ராக்ட் முடியாததால் இன்னும் இங்கேதான் கிடக்கிறேன். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். அதனால் இந்த வயதில் காகிதம் வாங்கி எழுதி, பஸ் கண்டக்டர் கௌதமிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மரைன் ஹில்லில் நீ செய்த காரியத்தைக் கேள்விப்பட்டேன். அப்பா பிரித்துக் கொடுத்ததில் கீழ்மனை உனக்கு, மேல்மனை எனக்கு. உன் மனை வழியாகத்தான் என் மனைக்குப் போக முடியும். இப்போது அங்கே நின்ற டாக்ஸிகளை விரட்டிவிட்டு, தெருப் பிள்ளைகள் விளையாடட்டும் என்று நகராட்சி வார்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயாமே! என் லாட்ஜ் பாதிக் கட்டிடமாக மேலே நிற்கிறது. சிமெண்ட் லாரி பறந்தா போகும்? மழைக்கு முன்னால் வழி விடு. கூடப் பிறந்தவனிடம் இத்தனை வன்மம் எதற்கு?

குழந்தை பிரியங்காவை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
ஸ்ரீதர்


மரைன் ஹில்
9 மே 2025

திரு. ஸ்ரீதர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பிரியங்காவுக்கு ஒரு வரி ஒதுக்கியதற்கு நன்றி.

இந்த மலையில் பந்து உருண்டு போகாமல் நிற்கிற இடம் கீழ்மனை ஒன்றுதான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அதை டாக்ஸிக்காரர்களுக்கு விட்டீர்கள். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ரிவர்ஸில் வந்த டாக்ஸி பிரியங்காவின் இடது பாதத்தில் ஏறியது. அன்று போனில் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பிள்ளைய வீட்டுக்குள்ள வெச்சிருக்கணும்." வீட்டுக்குள் எங்கே? கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவிலா?

தாய்மாமன் என்று உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். டாக்ஸி ஏறி வருஷம் ஒன்றாகிறது. அந்தக் காலை ஒரு தடவை வந்து பார்த்தீர்களா? எனக்கு வயிறு எரிகிறது. அது அணையவும் வேண்டாம்.

வழி கிடைக்காது. உங்கள் லாரி வரும் பாதையில், நட்டநடுவில், சறுக்குமரம் வைத்தாகிவிட்டது. ஓரமாக வைக்கலாம் என்றார் வார்டு எஞ்சினியர். நான் விடவில்லை.

கேட்டில் ஒரு போர்டும் இருக்கிறது. பெரியவர்கள் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வரலாம், கையை விட்டால் வெளியே போக வேண்டும். தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் எழுதியிருக்கிறோம். படிக்கத் தெரியவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
கீழ்மனைக்காரி உமா மகேஸ்வரி


திக்லிபூர்
26 மே 2025

உமா,

குளிர்ந்ததா உன் வயிறு?

கம்பியெல்லாம் நனைகிறதே, தார்ப்பாயாவது போட்டு மூடலாம் என்று நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன். கேட்டில் உன் எதிர்வீட்டு சம்சாத் மறித்துக்கொண்டு, "பச்சா கஹான் ஹை, ஸ்ரீதர் பாய்?" என்கிறாள். பிள்ளை எங்கே என்று என்னைக் கேட்கிறாள்! எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் போர்டை எழுதினாயா?

சரி போகட்டும் என்று, அவள் மகன் ஆரிப்புக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். தின்று முடித்ததும் அந்தப் பயல் கையை உதறிவிட்டு சறுக்குமரத்துக்கு ஓடிவிட்டான். நான் நடுவில் தனியாக நிற்கிறேன். அத்தனை வாண்டுகளும் சுற்றி நின்று கை தட்டி, "அங்கிள், உங்க பிள்ளை எங்கே? அங்கிள், வெளியே போங்க!" என்று கத்துகின்றன. இந்த மலையில் பாதி வீடு நான் கட்டியது, உமா. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். நீ சன்னலில் நின்றதையும் பார்த்தேன். அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.

தோற்றேன் என்றே வைத்துக்கொள். பிரியங்காவை அனுப்பு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் மூடிவிட்டு வந்துவிடுகிறேன். அரை மணி நேரம் போதும்.

ஸ்ரீதர்


மரைன் ஹில்
3 ஜூன் 2025

அண்ணனுக்கு,

சன்னலில் நின்றது நான்தான். கை தட்டியதில் நானும் உண்டு.

உங்களுக்குப் பிள்ளை இல்லாதது போர்டு எழுதும்போது ஞாபகம் இருந்தது. இருந்தும்தான் எழுதினேன். உங்களுக்கென்று இருந்த ஒரே பிள்ளை பிரியங்கா. அன்றுகூட கேட் வரை வந்தீர்கள், எதிரில் இருக்கிற எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அவள் உங்கள் குரலைக் கேட்டுவிட்டு, தலை வாரிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மாமா போய்விட்டார் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

லாரியை மறந்துவிடுங்கள். நனைகிற கம்பியைத் தலைச்சுமையாக இறக்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு சுமைக்கும் ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு.

உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "மாமாவைக் கூட்டிட்டுப் போறேம்மா. ஆனா எனக்கு முன்னாடி அவர் நடக்கக் கூடாது" என்றாள்.

அரை மணி நேரம் போதாது, அண்ணா. லாரி ஏறின சரிவில் இப்போது படி வெட்டியிருக்கிறோம், சின்னப் பிள்ளைகளின் காலுக்கு ஏற்ற படி. அவள் ஒவ்வொரு படியிலும் வலது காலை வைப்பாள், பிறகு இடுப்பை வளைத்து இடது காலை இழுத்துப் பக்கத்தில் வைப்பாள், நின்று மூச்சு வாங்குவாள். பிறகுதான் அடுத்த படி. தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். தூக்கினால் அழுவாள்.

கையை விட்டால் வெளியே போக வேண்டும். போர்டு உங்களுக்கும் சேர்த்துத்தான். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் சன்னலில்தான் நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவளுக்குத் தலை வாரிவிட்டு கேட்டில் நிறுத்தி வைக்கிறேன்.

உமா