முசுக்கட்டைப் பிடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ மாமா வீட்டில் ஒளிந்திருப்பது தெரியும். இதை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்குக் கால்வலி அப்படியேதான் இருக்கிறது. நீ வெளியூரில் வேலைக்குப் போயிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கலவரத்தில் கீழ்த்தெருவில் எரிந்தது எங்கள் தொட்டிக்காரர் வீடு. அகழாய்வில் தோண்டியெடுத்த பழைய மண்ணை ஆய்வகத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, மிதந்து வரும் கரிந்த தானியங்களை எனக்கு அள்ளித் தருகிறவர். உன்னைச் சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். அவரும் மனைவியும் வாசலருகே ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். பாதி எரிந்த கதவின் உட்புறமெல்லாம் நகக்கீறல். வெளியே கதவு வளையத்தில் எவனோ ஒரு கட்டையைச் செருகியிருக்கிறான்.

அன்றைக்கே நீ செய்தி அனுப்பினாய்: "அக்கா, நல்லா எரிஞ்சிருக்கு." ஆய்வகத்தில் உடையாமல் கரிந்த முழு விதை கிடைத்த நாட்களில் நான் வீட்டுக்கு வந்து சொல்கிற வார்த்தை அது. சாப்பிடும்போது என்னைப்போல் பேசிக்காட்டிச் சிரிப்பாயே, அதே வார்த்தை. அப்போது நீ கையில் கிடைத்திருந்தால் பல்லைப் பெயர்த்திருப்பேன்.

ஆனால் நான் சொன்னதை நீ பாதிதான் காதில் வாங்கியிருக்கிறாய். காற்றில்லாமல் வெந்தது சாம்பலாகாது. கரியாகி, ஆயிரமாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடக்கும். கதவு சாய்ந்து அமுக்கியதில் அந்தக் கட்டையும் அப்படித்தான் மிஞ்சியது. கரியைப் பார்த்து இன்ன மரம் என்று சொல்ல இந்த ஊரில் நான் ஒருத்திதானே. போலீஸ் என் மேசையில் கொண்டுவந்து வைத்தது. ஒரு துண்டை ஒடித்து நுண்ணோக்கியில் பார்த்தேன். முசுக்கட்டை. புயலில் நம் கொல்லையில் விழுந்ததே, அந்த ஒரு மரத்தைத் தவிர ஊரில் வேறு முசுக்கட்டை ஏது? அதில்தானே அப்பா கோடரிக்குப் பிடி செதுக்கினார்.

இன்று காலை அம்மா, "கோடரித் தலை மட்டும் கெடக்கு, பிடி எங்கடி போச்சு?" என்று கேட்டாள்.

வேறு ஏதாவது மரத்தின் பெயரை எழுதிவிடலாமா என்று நினைத்தேன். பேனாவை எடுத்தபோது அந்த நகக்கீறல்கள்தான் கண்ணில் நின்றன. நாளை அறிக்கையில் முசுக்கட்டை என்றே எழுதுவேன்.

அதற்குள் நீயாகவே வந்துவிடுடா. சின்னப் பிள்ளையில் பிடித்துக்கொண்டு நடந்ததுபோல, போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை உன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் வருகிறேன்.

நல்லா இரு என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு வந்து சேர்.

உன் அக்கா