மூச்சிலும் அமிலம்

அன்பு மகள் இளவரசிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அந்த வெளிநாட்டுக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் இரண்டு மாடுகளும் நலம். உன் நைனா நலமா என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் என் போனில் அவர் வீடியோ பார்க்கிறார், அவர் போன் சார்ஜில் கிடக்கிறது, பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைக்கிறார். அதனால் தாளில் எழுதி, நர்ஸ் பிரிஸ்கில்லாவின் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன்.

அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு நீ அனுப்பிய, தண்ணீரில் அமிலத்தைப் போக்கும் காரத் தண்ணீர் (ஆல்கலைன்) எந்திரம் சுவரில் ஏறிவிட்டது. அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவள் வீட்டிலேயே இருக்கும்போது உனக்கு அமிலத்தைப் பற்றிப் பாடம் எடுத்தது யாரோ ஒரு வீடியோக்காரர் என்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. வீட்டு ஆசிரியரிடம் யார்தான் படிக்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். மழைநீர் மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு கார்பானிக் அமிலமாகி, அடியில் இருக்கும் சுண்ணாம்பையும் கரைத்துக் கொண்டுவருகிறது. அந்தச் சுண்ணாம்பு உன் எந்திரத்துக்குள் படிந்து அடைத்துக்கொள்வதால், வாரம் ஒருமுறை அதை எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கழுவுகிறோம். அமிலத்தை ஒழிக்க வந்த எந்திரம் அமிலம் குடித்துத்தான் உயிர் வாழ்கிறது.

போன ஞாயிறு நைனா வீட்டில் ஒரு கூட்டம் போட்டார். பஸ் ஸ்டாண்டில் சோடா கடை வைத்திருக்கும் மீரான் மைதீன் பாயும், நம் நிலத்தில் பயிர் வைக்கும் இருசப்பனும் வந்திருந்தார்கள். அமிலம் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் என்று எந்திரத்தோடு வந்த சொட்டு மருந்தைப் பாயின் சோடாவில் விட்டார், மஞ்சளானது. நம் எந்திரத் தண்ணீரில் விட்டார், நல்ல நீலம். உடனே, "இன்னா பாய், இத்தினி வருசமா ஊருக்கே ஆசிட்டு ஊத்திக்கினு கீறீங்களே" என்றார். பாய் நிதானமாக, "அப்பிடின்னா இந்த ஊரே கரைஞ்சி ஏரில கலந்திருக்கணுமே வீராசாமி, நீ மட்டும் எப்பிடி குந்திக்கினு கீற" என்று கேட்டார். அதற்குள் நீலத் தண்ணீரைக் கலக்க நைனா போட்டிருந்த ஸ்ட்ராவை, குடிக்கத்தான் என்று நினைத்து இருசப்பன் வாயில் வைத்திருந்தான். பாய் சொன்னதைக் கேட்டு அடக்க மாட்டாமல் ஸ்ட்ராவுக்குள்ளேயே சிரித்தான். குபுகுபுவென்று குமிழி. அவன் சிரித்து ஓய்வதற்குள் நீலம் பச்சையாகி, பச்சையும் மஞ்சள் பக்கம் நகர ஆரம்பித்தது. மூச்சில் இருக்கும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்தால் அப்படித்தான் ஆகும், பாயின் சோடாவில் இருப்பதும் அதே வாயுதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், நைனா தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பாத்தியாடா, உன் மூச்சு பூரா ஆசிட்டு. தெனம் ரெண்டு கேன் புடிச்சிக்கினு போ." இருசப்பன் முகம் வெளுத்து, "அப்ப மூச்சு வுடறத கொஞ்சம் கொறச்சிக்கட்டுமா அண்ணா" என்று கேட்டான். இப்போது அவன் தினமும் கேனோடு வருகிறான். நான் அந்தப் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வாயு வெளியேறி நிறம் நீலத்துக்குத் திரும்புவதைக் காட்டினேன். அடுப்புக்கு இவ்வளவு சக்தியா என்று வியந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் சிரிக்காதே. எந்திரம் வந்த மறுவாரமே நைனா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ரத்தத்தில் அமிலம் போய்விட்டால் பிரஷரும் போய்விடுமாம், நீ அனுப்பிய வீடியோவில் அப்படித்தான் சொன்னார்களாம். நுரையீரலும் சிறுநீரகமும் இதே கார்பானிக் அமிலத்தை வைத்துத்தான் ரத்தத்தை ஓர் அளவில் நிறுத்துகின்றன, குடிக்கிற தண்ணீர் அதில் தலையிட முடியாது என்றேன். அவை வெளிநாட்டுச் சரக்கு இல்லையே, அவர் மதிக்கவில்லை. நேற்று அவருக்குத் தலை சுற்றியது. பிரிஸ்கில்லா வந்து பிரஷர் கருவியில் இரண்டு தரம் காற்றடித்துப் பார்த்தார். அவ்வளவு ஏறியிருந்ததை நம்ப முடியாமல் மூன்றாம் தரமும் அடித்தார். "சார், இப்பவே மாத்திரை போடலன்னா நான் ஆம்புலன்ஸுக்குத்தான் போன் போடணும்" என்றார். நைனா, "உன் மிசின் பழசும்மா, எங்க பொண்ணு அனுப்புனது புதுசு" என்று சொல்லி இன்னொரு டம்ளர் குடித்தார்.

கார்பானிக் அமிலம் ரொம்ப பலவீனமானது. தனியாக நிற்காது, மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றோடு போய்விடும். இந்த வீட்டில் என் பேச்சும் அந்த ஜாதிதான். உன் பேச்சு அப்படியல்ல, சுவரில் ஆணி அடித்து மாட்டப்படுகிறது. இதைப் படித்த கையோடு கூப்பிட்டு, தவறான வீடியோவை அனுப்பிவிட்டேன், மாத்திரையைப் போடு நைனா என்று சொல். காரணம் விளக்காதே, விளக்கினால் அவர் விவாதிப்பார். ஸ்பீக்கரில்தான் போடுவார், போடட்டும். இருசப்பனும் கேட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விடட்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. இனி பரிசு அனுப்புவதாக இருந்தால் வேட்டி அனுப்பு. மாத்திரை கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, நீ கூப்பிடும்போது தண்ணீரோடு நான் அவர் பக்கத்தில் நிற்பேன். உன் எந்திரத்துத் தண்ணீர்தான், அதை மட்டும் மறுக்க மாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா கனகா
உத்திரமேரூர்