நான்கு நாளாகக் கையெழுத்தாகாத தாள்

பிப்ரவரி 18, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். உன் மெயிலை ஐந்தாவது முறையாகப் படித்து முடித்தேன்.

அன்புள்ள வாலுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். அங்கே நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இந்நேரம் நாலு பக்கத்துக்குப் புலம்பியிருப்பாய். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்யச் சொன்னால், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு குனிஞ்சு எடுக்கிறேனே, அது பயிற்சி இல்லாம விளையாட்டாடா என்று கேட்கிறாள். என் வேலை வழக்கம்போல. போன வாரம் பதினாலு மாடிக் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு வக்கீல். நான் மேலே ஏறி அவரை வெளியே எடுக்கிற இருபது நிமிடமும், என் மேல் என்னென்ன பிரிவில் வழக்குப் போடலாம் என்று கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வந்ததும் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், எல்லா வழக்கும் வாபஸ். வீட்டுச் செய்தி இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது படிக்கிற பெரிய யுனிவர்சிட்டியை விட்டுவிட்டு, பெயரே யாரும் கேள்விப்படாத ஒரு சின்ன ஊர் யுனிவர்சிட்டிக்கு மாறுகிறேன் என்கிறாய். அவர்கள் இடம் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் நீ சம்மதம் சொல்ல வேண்டும், கூடவே உன் படிப்புக்கும் தங்குவதற்கும் நான் பொறுப்பு என்கிற கடிதத்தில் என் கையெழுத்தும் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் விசாவுக்கான பேப்பரை அவர்கள் தொடவே மாட்டார்கள். அப்பா போன பிறகு 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று எங்கே கோடு போட்டிருந்தாலும் அதன் மேல் நான்தான் கையெழுத்துப் போட்டு வருகிறேன், உன் ஆறாம் வகுப்புச் சுற்றுலாவிலிருந்து. ஒரு தடவைகூட யோசித்தது கிடையாது. இந்தத் தடவை நாலு நாள் அந்தத் தாளை மேஜையில் அப்படியே போட்டுவிட்டு, உனக்கு ஒரு அட்டவணை தயார் பண்ணி அனுப்பினேன். தரவரிசை, ஏற்கப்படாத பாடங்கள், கூடுதலாகும் அரை வருடம், விசா சிக்கல், இன்னும் என்னென்னவோ. இருப்பதற்கு எழுபத்தொன்று, மாறுவதற்கு ஐம்பத்துநாலு. கீழே தடித்த எழுத்தில் 'மாறாதே'. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, படிப்பு என்ன வாஷிங் மெஷினாடா, ரெண்டு கம்பெனியைப் பக்கத்துல பக்கத்துல வச்சு மார்க் போட என்றாள். உனக்கு இதெல்லாம் புரியாது, சும்மா இரும்மா என்றேன். அவளுக்குப் புரிந்திருந்தது, எனக்குத்தான் நேரமாயிற்று.

நேற்று உன் பதில் வந்தது. அண்ணா, ஏழு பாடம் போகுதுன்னு ஒரு வரிசையில பதினாறு கழிச்சிருக்க, அரை வருஷம் கூடுதலாகுதுன்னு அடுத்த வரிசையில இன்னொரு பதினாறு கழிச்சிருக்க, அந்த ஏழு பாடத்தாலதானே அந்த அரை வருஷமே வருது, ஒரே அடிக்கு ரெண்டு தடவை அழுதா எப்படி என்று எழுதியிருந்தாய். அட்டவணையைத் திறந்து பார்த்தேன். சரிதான். ஒன்பது வருடமாக சர்வீஸ் ரிப்போர்ட் எழுதுகிறவன், அடுத்தவன் ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி தப்பினாலும் வறுத்தெடுக்கிறவன், என் தங்கச்சி வாழ்க்கையைக் கணக்குப் போடும்போது கோட்டை விட்டேன். இரண்டு நிமிடம் கோபம் வந்தது. அப்புறம் சிரித்தேன். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவ யாருக்குப் பொறந்தவ என்று அவள் பெருமையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சரி, அதைத் திருத்தினால் எழுபத்தொன்றுக்கு எழுபது. அந்த ஒரு மார்க் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், சொல்லிவிடுகிறேன். தரவரிசைக்கு இருபத்தைந்து போட்டிருந்தேன், எந்த நியாயத்திலும் அது பத்துக்கு மேல் போகாது. உன் யுனிவர்சிட்டி பெயரைச் சொன்னால் எங்கள் சூப்பர்வைசர் புருவத்தைத் தூக்குவார், ஸ்டோர்ஸில் ஸ்பேர் எடுக்கப் போனால் உட்காரச் சொல்லுவார்கள். அந்தப் பதினைந்து மார்க் அதற்கு. என் வசதிக்காக உன்னை அங்கே உட்கார வைக்கப் பார்த்தேன். இதற்கு மன்னிப்பு கேட்கிறேன், ஒரு தடவைதான் கேட்பேன், பிடித்து வைத்துக்கொள். நேற்று சாயங்காலமே சூப்பர்வைசரிடம் புது இடத்தின் பெயரைச் சொன்னேன். எங்கேப்பா இருக்கு அது என்றார். உலோகத்தை உடைச்சுக் கத்துக்கிற இடம் சார் என்றேன்.

இப்போது நீ செய்த வேலையைப் பற்றி. எனக்குத் திருப்பித் திருப்பிப் படிக்கத் தோன்றிய பகுதி அதுதான். ஒரு சனிக்கிழமை ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய் அந்தப் புது இடத்து லேபைப் பார்த்திருக்கிறாய். பேராசிரியரைத் தேடாமல் லேப் டெக்னீஷியனைத் தேடிப் பிடித்து, உலோகத் துண்டை இழுத்து உடைத்துச் சோதிக்கிற இந்த மெஷின் வாரத்தில் எத்தனை நாள் ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். அவர் லாக் புக்கை எடுத்து நீட்டியிருக்கிறார், நீ படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். நாங்களும் அப்படித்தான், லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று கட்டடக்காரரைக் கேட்க மாட்டோம், லாக் புக்கைத்தான் பிரிப்போம். இதை உனக்கு நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. இப்போது நீ இருக்கிற இடத்தில் அதே மாதிரி மெஷின் கண்ணாடி அறைக்குள் பளபளவென்று நிற்கிறது, ஏழு மாத லாக்கில் இரண்டே பெயர், இரண்டும் ஊழியர்கள், மாணவர்கள் உங்களுக்கு வெறும் வீடியோ. அங்கே நாற்பது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு கையெழுத்து, எல்லாம் மாணவர்கள். ஒரு பிள்ளை, மாதிரித் துண்டைச் சரியாக இறுக்கவில்லை, நழுவிவிட்டது, தப்பு என்னுடையது என்று தன் பெயரோடு எழுதி வைத்திருக்கிறது, யாரும் அந்த வரியை அடித்துவிடவில்லை. தப்பை எழுதி வைக்கிற இடத்தில்தான் வேலை படியும். நான் லிஃப்ட் கயிற்றில் அறுந்த இழையை எண்ணிவிட்டு மாற்றச் சொல்லுகிறவன். அது எப்போது அறும், ஏன் அறும் என்று முன்னாடியே சொல்லப் போகிறவள் நீ. அதை வீடியோவில் கற்க முடியாது.

உன் முதல் மெயிலின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், நான் ஓடிப்போறேனாண்ணா என்று. அந்த ஒரு வரிக்குத்தான் உண்மையில் நாலு நாளாக நீ பதில் எதிர்பார்த்திருக்கிறாய், நான் மண்டு மாதிரி மார்க் அனுப்பியிருக்கிறேன். ஓடிப்போகிறவர்கள் ஒவ்வொரு ஆசிரியருக்கும் எழுதிப் பாடத்திட்டம் வாங்கி, எது ஏற்கப்படும் எது படாது என்று கேட்டு வைத்துக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். நீ ஓடவில்லை. ஆனால் ஐந்து மாதமாக அந்தக் கண்ணாடி அறைக்கு வெளியே நின்றுகொண்டு போனில் எல்லாம் நல்லா போகுது என்று சொன்னாயே, அதற்கு உன்னைத் திட்ட வேண்டும், நேரில் வரும்போது திட்டுகிறேன்.

ஒன்றே ஒன்று. புது விசா பேப்பர் கையில் வருகிற வரைக்கும் பழைய இடத்தில் ஒரு வகுப்பையும் விடாதே, விலகல் கடிதம் கொடுக்காதே, அது வெறும் சம்பிரதாயம்தான் என்று எவன் சொன்னாலும் கேட்காதே. லிஃப்டில் ஒரு பிரேக் பிடிப்பதைக் கண்ணால் பார்க்காமல் இன்னொன்றை நான் எடுக்கவே மாட்டேன், நீயும் எடுக்காதே. அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள், இரண்டும் சேர்த்து ஒரே மூச்சில். நீ நன்றாக வருவாய், எனக்குச் சந்தேகமே இல்லை, முன்பும் இருந்ததில்லை, சொல்லத்தான் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(பாதுகாவலர் கோட்டின் மேல் இருப்பவன்)

நான் அடுத்துச் செய்யப்போவது:

1. ஒன்பது மணிக்கு நோட்டரி ஆபீஸ் திறந்ததும் அவர் முன்னால் கையெழுத்துப் போடுவேன். அரை நாள் லீவு சொல்லியாயிற்று.
2. பத்தரைக்குள் ஸ்கேன் உனக்கு மெயிலில், அசல் கூரியரில். எங்கே வந்திருக்கிறது என்று மணிக்கு ஒரு தடவை பார்க்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.
3. வெள்ளி மாலை வரை உனக்குப் போன் பண்ண மாட்டேன். அம்மா பண்ணினால் அதற்கு நான் பொறுப்பில்லை.
4. கடைசி நிமிடத்தில் நீ மனசு மாறிப் பழைய இடத்திலேயே இருந்துவிட்டாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். மாறினாலும் இருந்தாலும் உனக்குப் பொறுப்பு நான்தான், தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது.