வெள்ளறடையில் ஒரு வோட்டு

நவம்பர் 1, 2025, சனி

காலையில் கண் விழித்ததும் போனில் இரண்டு வாழ்த்துகள். கேரளத்தில் நான் பிறந்த வெள்ளறடையிலிருந்து அண்ணி அனுப்பியது கேரளப் பிறவி வாழ்த்து, கசவுச் சேலை கட்டிய பெண் படத்தோடு. இங்கே எங்கள் தெரு குரூப்பில் வந்தது குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள் வாழ்த்து. 1956-இல் இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் எனக்கு வருடா வருடம் இரட்டைப் பண்டிகை. இரண்டு பக்கமும் கும்பிடு போட்டுவிட்டேன்.

பிறகு கிராம சபை. வளைவில் தெருவிளக்கு எரியாமல் ஒரு மாதம் ஆகிறது, விடியும் முன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் பாம்பை மிதித்துக்கொண்டா போவது என்று எழுந்து கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன். பலசரக்குக் கடை இசக்கி அண்ணன் திரும்பிப் பார்த்து, "உனக்கு இஞ்ச வோட்டு உண்டா மக்கா?" என்றார்.

இல்லை என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. பத்தொன்பது வருசமா இந்த ஊர்த் தண்ணிய குடிக்கேன், அது கணக்கில்லியா?

நவம்பர் 9, ஞாயிறு

அங்கன்வாடி சுனிதா டீச்சர் வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவங்களோடு வந்தார். என் வீட்டுக்காரருக்கு ஒன்று, அவர் அம்மாவான மாமிக்கு ஒன்று. எனக்கு இல்லை. "ரேஷ்மி, ஒனக்கு அங்க வெள்ளறடையிலதான் வந்திருக்கும். ஒராளுக்கு ஒரு இடம்தான் கேட்டியா. இஞ்ச வேணும்னா வேற பாரம் தாறேன். 2002 லிஸ்டுல உனக்க அம்மைக்க நம்பர் மட்டும் வாங்கிரு" என்றார். அப்போது எனக்கு வோட்டு வயதாகவில்லை. அதனால் அம்மையைக் காட்டித்தான் நான் யாரென்று சொல்ல வேண்டும்.

மாமி தாணம்மாள் விடுவாளா? "ஏட்டி, எனக்க வீட்டுச் சோற தின்னுட்டு வோட்ட மட்டும் அங்க கொண்டு போடுவியோ? எப்ப கேட்டாலும் மாத்துறேன் மாத்துறேன்னு செல்லுவ!"

நேரம் கிடைக்கவில்லை மாமி என்றேன். பொய். உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

ஓணத்துக்குப் போனால் இவரும் கூட வருவார், சாயங்காலமே திரும்பிவிடுவோம். மறுநாள் ரப்பர் பால் வெட்ட வேண்டும், உறைந்த பாலை ஷீட்டாக அடிக்க வேண்டும். சாவுக்குப் போனால் அழவே நேரம் சரியாக இருக்கும். ஆனால் வோட்டுக்குப் போகிறேன் என்றால் யாரும் தடுக்க முடியாது, அது நாட்டுக் காரியம். இவருடைய வோட்டு இங்கே, அதனால் நான் தனியாகத்தான் போவேன். முந்தின நாளே போய் ஒரு ராத்திரி அம்மை பக்கத்தில் படுத்து, கதை பேசி, மறுநாள் விரலில் மையோடு திரும்புவேன். இதுவரை பத்துத் தடவை. வெள்ளறடை இங்கிருந்து ஒரு மணி நேர பஸ்தான். துபாயில் இருப்பவர்கள்கூட என்னைவிட அதிகம் அவரவர் அம்மையைப் பார்க்கிறார்கள்!

நவம்பர் 10

இங்கே மாற்றவா, வேண்டாமா? இசக்கி அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அம்மையின் மீன்குழம்பும் நாக்கில் இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டேன். இன்றும் விளக்கு எரியவில்லை. கேட்க வாய் உண்டு, உரிமை இல்லை என்பது பெரிய கேவலம்.

அம்மைக்கு போன் போட்டு 2002 நம்பர் கேட்டேன். "அதொக்க எங்கயோ போச்சு மோளே" என்றாள். பிறகு பசு கத்துகிறது என்று வைத்துவிட்டாள். அம்மையிடம் பசு கிடையாது, விற்று நாலு வருடமாகிறது.

நவம்பர் 16

அண்ணி ரகசியமாகக் கூப்பிட்டாள். நம்பர் எழுதிய காகிதம் அரிசிப் பானைக்குள் இருக்கிறதாம். வாசித்துச் சொல்லட்டுமா என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அம்மை தரட்டும். திருடி வாங்கி எந்த ஊர்க்காரியாக ஆவது?

நவம்பர் 27

மழை. பால்வெட்டு இல்லை. அம்மை போனை எடுக்கவும் இல்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

அங்கே பஞ்சாயத்துத் தேர்தல். அதற்கு வேறு பட்டியல், என் பெயர் இன்னும் அதில் இருக்கிறது. இது கடைசி வோட்டு என்று சொல்லிக்கொண்டுதான் நேற்று கிளம்பினேன். எல்லையில் இருக்கும் பனச்சமூட்டில் பஸ் மாறினேன். சந்தையில் இந்தக் கடை தமிழ்நாடு, அந்தக் கடை கேரளம். மரச்சீனிக் கிழங்கு விற்கிற பாட்டிக்கு அதெல்லாம் தெரிந்ததாகவே தோன்றவில்லை, இரண்டு பாஷையிலும் ஒரே விலைதான் சொன்னாள்.

அம்மை மீன்குழம்பு வைத்திருந்தாள், நம்பர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. படுக்கும்போது, "இனி நீ எந்து சொல்லி வருவாய்?" என்றாள். அழுகை வந்தது, இருமல் மாதிரி சமாளித்தேன்.

காலையில் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வரிசையில் அடுத்த வீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "ஆஹா, தமிழ்நாட்டுக்காரி வந்நல்லோ!" என்றாள். பாசமாகத்தான் சொன்னாள். நான் பல்லைக் காட்டினேன். இங்கே மலையாளத்துக்காரி, அங்கே தமிழ்நாட்டுக்காரி. இரண்டு பட்டமும் இலவசம்.

அம்மைக்கு மூக்கு சிவந்துவிட்டது. வோட்டு போட்டு வீட்டுக்கு வந்ததும் அம்மை நேராக அரிசிப் பானையில் கை விட்டுக் காகிதத்தை எடுத்து, தவிட்டை ஊதி, என் கையில் வைத்தாள். "இவிடேயும் விருந்துக்காரி, அவிடேயும் விருந்துக்காரி. ஒரு இடத்திலெங்கிலும் வீட்டுக்காரியாயிட்டு இரி."

பஸ்ஸில் அந்தக் காகிதத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று தெரியவில்லை. பாகம், வரிசை எண், அம்மையின் பெயர், செத்துப்போன அப்பாவின் பெயர். அவ்வளவுதான் அதில் இருந்தது.

டிசம்பர் 22, திங்கள்

சுனிதா டீச்சரிடம் படிவம் கொடுத்தேன். இந்தியக் குடிமகள் என்று உறுதி சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடும்போது சிரிப்பு வந்தது. இந்தியாக்காரியா என்பதில் இதுவரை எவருக்கும் சந்தேகம் வந்ததில்லை. இந்தத் தெருக்காரியா என்பதில்தான் தகராறு. நாடு லேசில் நம்பிவிடுகிறது, தெருதான் லேசில் நம்புவதில்லை.

தமிழில் கையெழுத்துப் போட்டேன். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அவள் புத்தகத்தில் கற்ற எழுத்து. அவள் இப்போது நாகர்கோவில் ஹாஸ்டலில். போனில் சொன்னதும், "அம்மா, இப்ப நீ ஒரிஜினலா?" என்கிறாள். திமிர்.

ஜனவரி 11, 2026

மாமி இன்று ஷீட் உலர்த்திக்கொண்டே, "அம்மைய பாக்க எப்ப போற?" என்றாள். இனி அங்கே வோட்டு இல்லையே மாமி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மாமி ஷீட்டைக் கீழே வைத்தாள். "வோட்டு வோட்டுன்னு நீ போனது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன மண்ணா? போறேன்னு ஒரு வாக்கு சும்மா செல்லப்பிடாதா?"

கேட்டிருக்கலாம்தான். மாமி விட்டுமிருப்பாள். ஆனால் கேட்டு வாங்கிப் போவது ஒன்று, யாரையும் கேட்காமல் போவது வேறு. இதை மாமிக்கு எப்படிச் சொல்ல? அவளும் ஒரு வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவள்தானே, அவளுக்குத் தெரியாமலா இருக்கும்.

பிப்ரவரி 27

பட்டியலில் பெயர் வந்துவிட்டது. ரேஷ்மி, கணவர் அனில்குமார். இவர் கடைக்குப் போய் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கி வந்தார். "கல்யாணம் இப்பதான் முடிஞ்சு" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 30

ரப்பர் மரங்கள் இலை உதிர்ந்து துளிர்த்தாகிவிட்டது, பால்வெட்டு தொடங்க வேண்டும். வெள்ளறடைக்குப் போகவில்லை. போகலாம், யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் நாள் நகர்ந்துகொண்டே போகிறது. இதற்குத்தான் பயந்தேன்.

ஏப்ரல் 23, வியாழன்

இங்கே சட்டமன்றத் தேர்தல். இந்த ஊரில் எனக்கு முதல் வோட்டு, நாற்பது வயதில்!

நேற்று சாயங்காலம் ஷீட் அடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கேட் திறந்தது. அம்மை. தலையில் பலாச் சக்கை, கையில் மீன் பொதிந்த பை. தனியாக, இரண்டு பஸ் மாறி. இந்த வீட்டில் அவள் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தங்கக் கூடாது என்பாள்.

மாமி பதறிப்போய் எழுந்தாள். "என்ன பிள்ள, போன்கூட பண்ணாம? வல்ல விசேசமும் உண்டா?"

"வோட்டுக்கு வந்நதாக்கும்" என்றாள் அம்மை.

"உங்களுக்கு இஞ்ச வோட்டு இல்லியே?" என்றாள் மாமி.

"எனிக்கில்ல. எனக்க மோளுக்கு உண்டல்லோ."

மாமி சக்கையை இறக்கி வாங்கினாள். காலையில் நானும் இவரும் மாமியும் வோட்டுக்குப் போனோம். திரும்பி வரும்போது அம்மை என் அடுக்களையில் மீன்குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் தங்கிவிட்டு நாளைதான் போவாளாம்.